நாங்கள் வளர்த்த தோட்டமும் அந்தம்மா வளர்த்த கிடாவும்

நான் நாலாவது வரைக்கும் படித்தவன். அதிலும் நாலாவதில் பாதிதான் போனேன். மீதிப் பாதியில் சித்தாள் வேலைக்குப் போய்விட்டேன். இன்றைக்குச் செஞ்சியில் பட்டம் வாங்கினவர், பதவியில் இருந்தவர், கோட்டையைப் பற்றி மேடையில் பேசுகிறவர் எல்லாருடைய வீட்டுக் கக்கூஸ் தொட்டியும் நான் வார்த்த சிமெண்டு உறையை நம்பித்தான் இருக்கிறது. ராஜாக்கள் கட்டின கோட்டையில் எத்தனையோ சுவர் சரிந்து கிடக்கிறது. நான் இறக்கின உறை சரிந்ததாக இதுவரைக்கும் ஒருத்தன் வந்து சொன்னதில்லை. கோட்டையைப் பார்க்க வெளிநாட்டிலிருந்து வருகிறார்கள். என் உறையைப் பார்க்க யாரும் வருவதில்லை. அது பூமிக்கடியில் இருப்பதால் அவர்களை மன்னித்துவிடுகிறேன்.

வயதாகிவிட்டது என்று உறை வார்க்கிற யார்டைப் பையனிடம் கொடுத்துவிட்டு வீட்டில் உட்கார்ந்தேன். கொஞ்ச நாளிலேயே என் வீட்டுக்காரிக்கு பிபி ஏறிவிட்டது.

"குழம்புல தண்ணி ஜாஸ்தி, மாவுல கலவை சரியில்லன்னு சொல்றதுக்கு இது இன்னா உன் யார்டா? எங்கனா போய் நாலு பேருக்கு ஒதவுற வேலய பாரு. எனக்கும் ஒதவியா இருக்கும்" என்றாள்.

அப்படித்தான் நான் தொண்டன் ஆனேன். மற்றவர்களுக்கு உள்ளிருந்து ஏதோ குரல் கேட்டதாம். எனக்குக் கேட்டது அடுப்படியிலிருந்து.

ஊருக்கு வெளியே, பாறைகள் ஆரம்பிக்கிற இடத்தில், அந்த ஆஸ்பத்திரி இருக்கிறது. போர்டில் நோய்த்தணிப்பு மையம் என்று அழகாக எழுதியிருக்கிறார்கள். ஆட்டோக்காரரிடம் அந்தப் பெயரைச் சொன்னால் முழிப்பார். "இனிமே ஒண்ணும் பண்றதுக்கு இல்லன்னு அனுப்புவாங்களே, அந்த ஆஸ்பத்திரி" என்றால் உடனே வண்டியைக் கிளப்புவார். குணமாக்குகிறோம் என்று அங்கே யாரும் பொய் சொல்வதில்லை. வலியைக் குறைப்பார்கள், புண்ணைத் துடைப்பார்கள், பக்கத்தில் உட்காருவார்கள். பார்வைக்குக் கொஞ்சம் பச்சை இருந்தால் நன்றாக இருக்கும் என்று பொறுப்பிலிருந்த சிஸ்டருக்குத் தோன்றியதால் தோட்டக் குழு என்று ஒன்று உண்டானது.

குழு என்றால் பெரிய படை என்று நினைக்க வேண்டாம். முதல் நாள் போட்டோவுக்கு நின்றவர்கள் நிறையப் பேர். மண்வெட்டியைப் பார்த்ததும் மூன்று பேர் ஆகிவிட்டோம். நான் ஒருத்தன். மேல்சித்தாமூரிலிருந்து பஸ்ஸில் வந்துபோகிற, ரிட்டயர் ஆன டீச்சரம்மா ஒருத்தர். பஜாரில் பஞ்சு மெத்தை தைக்கிற பாய் ஒருத்தர்.

ஆடி மாதம் வேலையை ஆரம்பித்தோம். தோண்டினால் ஒரு சாண் மண், அதற்குக் கீழே பாறை. விவசாயக் கல்லூரியில் படித்த ஒரு தம்பியைச் சிஸ்டர் கூட்டிவந்து காட்டினார். இங்கே எதுவும் வராது என்று அவர் ஆங்கிலத்தில் சொல்லிவிட்டுப் போனார். நான் தமிழில் பையனுக்குப் போன் போட்டேன். விளிம்பு உடைந்து யார்டில் கிடந்த உறைகளெல்லாம் அன்றைக்குச் சாயங்காலமே வந்து இறங்கின. ஒன்றின்மேல் ஒன்றாக வைத்து மண்ணை நிரப்பினோம். சக்கர நாற்காலியில் வருகிறவர்கள் குனியாமல் செடியைத் தொடுகிற உயரம் வந்தது. இதை யோசித்துச் செய்தீர்களா என்று டாக்டர் ஆச்சரியமாகக் கேட்டார். உடைந்த உறையை ஒழித்துக்கட்ட இடம் தேடினேன் என்றா சொல்வேன்? ஆமாம், ரொம்ப நாளாக யோசித்தேன் என்றேன்.

டீச்சரம்மா சமணர். பொழுது சாய்ந்தால் சாப்பிட மாட்டார், மண்ணுக்குள் விளைவதைத் தொட மாட்டார், எறும்புக்கும் வழிவிட்டு நடப்பார். முள்ளங்கி போடலாம் என்று நான் சொன்னதற்கு, ஏதோ கொலைக்குக் கூப்பிட்ட மாதிரி பார்த்தார். கத்தரிச் செடியில் புழு விழுந்தால் மருந்து அடிக்க விட மாட்டார். ஒவ்வொரு புழுவையும் இலையோடு எடுத்து, மதில்மேல் வைத்து, அந்தப் பக்கம் தள்ளிவிடுவார். எங்கள் புழுக்களுக்கெல்லாம் இப்படி இடமாறுதல் உத்தரவு கிடைத்தது. மதிலுக்கு அந்தப் பக்கம் கத்தரி வைத்திருந்த விவசாயிக்கு இன்றுவரை விஷயம் தெரியாது.

பாய் தன் கடையில் மிஞ்சிய பழம் பஞ்சைக் கொண்டுவந்து செடிகளுக்கு அடியில் மெத்தை மாதிரி பரப்பினார், வெயிலில் ஈரம் காயாமல் இருக்குமாம். மறுநாளே கோட்டை மலைக் குருவிகள் எல்லாம் வந்து எடுத்துப்போய்க் கூடு கட்டிக்கொண்டன. "பரவால்லண்ணே, பில்லு அனுப்பலாம்" என்றார் பாய்.

ஆவணியில் கீரை தலைகாட்டிய நேரத்தில்தான் அந்தம்மா வந்து சேர்ந்தார். சீயமங்கலம் பக்கத்துக் கிராமம். வயிற்றில் கட்டி. புருஷன் இல்லை, பிள்ளை இல்லை. ஒரு கையில் துணிப்பை, மறு கையில் கயிறு. கயிற்றின் முனையில் ஒரு கிடாக்குட்டி.

"ஆடெல்லாம் உள்ள வரக்கூடாதும்மா" என்றார் சிஸ்டர்.

"அதுக்கு இன்னா பெட்டா கேட்டேன்? எனக்கு பெட்டு குடு, அதுக்கு ஒரு முளைக்குச்சி குடு."

"சரிம்மா, உங்கள பாத்துக்க கூட ஒரு ஆள் இருக்கணுமே. யார் வந்திருக்காங்க?"

"அதான் வந்துகிது இல்ல?" என்று அந்தம்மா கிடாவைக் காட்டினார்.

எத்தனையோ டாக்டர்களைச் சமாளித்த சிஸ்டர் முளைக்குச்சிக்கு என்னைக் கூப்பிட்டார். துணி துவைக்கிற கல்லுக்குப் பக்கத்தில் முளை அடித்துக் கொடுத்தது நான்தான்.

இங்கே ஒரு விஷயத்தைச் சொல்ல வேண்டும். அந்த மதிலுக்குள் நுழைந்துவிட்டால் யாருக்கும் மூளை நேராக வேலை செய்வதில்லை. வெளியே பஸ்ஸில் சீட்டுக்குக் கட்டிப்புரளுகிறவர்கள்கூட உள்ளே வந்தால் மெல்ல நடப்பார்கள், மெல்லப் பேசுவார்கள், எதைப் பார்த்தாலும் கண் கலங்குவார்கள். அந்தம்மா தினமும் ஆட்டுக்கு முன்னால் உட்கார்ந்து, "சாப்டியாடா கண்ணு? வயிறு நெறஞ்சிதா?" என்று கேட்பார். அதன் முதுகைத் தடவுவார், விலாவை அமுக்கிப் பார்ப்பார். பார்த்த எங்களுக்கு நெஞ்சு உருகியது. பெற்றால்தான் பிள்ளையா என்றார் டீச்சரம்மா. பாய் கண்ணைத் துடைத்துக்கொண்டார். சின்ன வயதில் ஊரார் ஆட்டையெல்லாம் மேய்த்தவன் நான். ஒருத்தர் ஆட்டின் விலாவை எதற்கு அமுக்கிப் பார்ப்பார் என்று எனக்குத் தெரியாதா? தெரியும். ஆனால் நானும் அந்த மதிலுக்குள்தானே இருந்தேன்.

புரட்டாசியில் கீரை இடுப்பளவு உறையில் தளதளவென்று நின்றது. நாளைக்கு அறுத்து வார்டுக்குக் கூட்டு வைக்கலாம் என்று பேசிவிட்டுப் போனோம். காலையில் வந்து பார்த்தால் வெறும் தண்டு. உறையின்மேல் ஏறி நின்றுகொண்டு கிடா எங்களைப் பார்த்து அசை போட்டது.

"கயிறு அவுந்துக்கிச்சி போலருக்குது" என்றார் அந்தம்மா.

அன்றைக்கு நானே கட்டினேன். லாரியில் உறை கட்டுகிற முடிச்சு. அதுவும் மறுநாள் அவிழ்ந்திருந்தது.

"இன்னா உறைக்காரரே, உன் சிமெண்டும் இப்டித்தானா?" என்று அந்தம்மா வார்டே கேட்கிற மாதிரி கேட்டார். நாற்பது வருஷத் தொழிலில் என்னை அப்படிக் கேட்டவர் யாரும் கிடையாது. கேட்டிருந்தால் உறையோடு இறக்கியிருப்பேன். அங்கே சிரித்துக்கொண்டு நின்றேன்.

ஐப்பசி மழை பிடித்துக்கொண்டது. பாறையெல்லாம் கறுத்து வழிந்தது. தோட்டம் காடு மாதிரி ஆகிவிட்டது. கனகாம்பரம், நந்தியாவட்டை, செம்பருத்தி, பாய் ஓரத்தில் நட்ட அகத்தி. படுக்கையில் இருப்பவர்களை ஜன்னல் பக்கம் திருப்பிப் போடுவோம். ஒரு பெரியவர் செம்பருத்தியை எண்ணிக்கொண்டே இருப்பார். இன்றைக்கு எத்தனை என்று எங்களுக்குச் சொல்வது அவர் வேலை. கார்த்திகையில் அந்தக் கட்டில் காலியானது. அப்புறம் எத்தனை பூத்தது என்று நாங்கள் கேட்டுக்கொள்ளவில்லை. அகத்தியைப் பெரும்பாலும் கிடாதான் தின்றது. அதுவும் டீச்சரம்மாவே கையால் ஒடித்து ஊட்டினார். கிடா உருண்டு திரண்டு, கொம்பு வைத்து, தாசில்தார் மாதிரி நடந்தது.

மார்கழியில் அந்தம்மாவால் எழுந்து நடக்க முடியவில்லை. கஞ்சித் தண்ணி மட்டும்தான் இறங்கியது. கட்டிலை ஜன்னலோரம் போட்டு, கிடாவை ஜன்னலுக்கு வெளியே கட்டினோம். ஒரு நாள் காலையில் நாங்கள் மூன்று பேரும் நிற்கும்போது கேட்டார்:

"நான் போய்ட்டா இந்த ஆட்ட இன்னா பண்ணுவீங்க?"

டீச்சரம்மா முந்தானையை எடுத்துக்கொண்டார். பாய் தரையைப் பார்த்தார். பேச வேண்டிய இடத்தில் பேசத் தெரிந்தவன் நான் ஒருத்தன்தானே? வெளியே சுற்றிக்கொண்டு ஜன்னலுக்கு அந்தப் பக்கம் போனேன். கிடாவின் தலைமேல் கையை வைத்தேன்.

"யம்மா, கேட்டுக்கோ. நீ போன பொறவு இந்த ஆட்டு மேல ஒரு கத்தி படாது. சாவுற வரைக்கும் என் யார்டுல ராஜா மாரி இருக்கும். இது சத்தியம். நான் சொன்ன சொல்லு இதுவரைக்கும் தப்புனது இல்ல."

எல்லாரும் கை தட்டாத குறை. சிஸ்டர் என்னைப் பார்த்த பார்வையைப் போட்டோ எடுத்திருந்தால் என் வீட்டுக்காரிக்குக் காட்டியிருப்பேன்.

 அந்தம்மா சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்துக்கொண்டார். அன்றைக்குக் கஞ்சியும் வேண்டாம் என்றார். மறுநாளும் வேண்டாம் என்றார். நன்றியில் வாய் அடைத்துப் போயிற்று என்று நாங்கள் வெளியே நின்று பேசிக்கொண்டோம். டீச்சரம்மா அதற்கு ஒரு பாட்டுகூடச் சொன்னார்.

மூன்றாவது நாள் சிஸ்டர் பக்கத்தில் உட்கார்ந்து, "இன்னாம்மா, மனசுல எதுனா இருக்குதா?" என்று கேட்டிருக்கிறார். அவ்வளவுதான். தோட்டத்தில் களை பிடுங்கிக்கொண்டிருந்த எங்களுக்குக் கேட்கிற மாதிரி உள்ளிருந்து வந்தது:

"எவன்டா உன்ன சத்தியம் பண்ண சொன்னது? என் கருமாதிக்கி வெச்சிருந்த கிடாடா அது!"

போய் நின்றோம். அந்த உடம்பில் அவ்வளவு சத்தம் எங்கே இருந்தது என்று தெரியவில்லை.

"எங்கூர்ல எவன் வூட்டு கருமாதிய நான் வுட்டேன்? காரியம் முடிஞ்ச மறுநாளு கறிச்சோறு போடுவாங்க. எல்லார் வூட்லயும் குந்தி தின்னுகிறேன். எனக்கு யாரு போடுவா? புள்ளயா, குட்டியா? தின்னுட்டு திருப்பி போடாத போய்ட்டாடான்னு ஒரு வார்த்த வரக்கூடாதுன்னுதான் குட்டியா வாங்கி வளத்தேன். உங்க கீரய தின்ன வெச்சேன். ராவுல குச்சிய ஊனிக்கினு வந்து நான்தான் கயித்த அவுத்து வுட்டேன். எதுக்கு? உன் யார்டுல ராஜாவா இருக்கறதுக்கா?"

எங்கள் மூன்று பேர் முகமும் எப்படி இருந்திருக்கும் என்று நீங்களே நினைத்துக்கொள்ளுங்கள். டீச்சரம்மா கையில் அப்போதும் ஒரு கொத்து அகத்திக்கீரை இருந்தது.

"வேற ஒரு கிடா நான் வாங்கித் தரேன்மா. இதவிடப் பெருசா" என்றேன்.

"உன் ஆட்ட போட்டா அது உன் சோறு. எனக்கு இன்னா பேரு?"

சரியான கேள்வி. யாராவது என் உறையில் தன் பேரை அச்சடித்து விற்றால் நான் சும்மா இருப்பேனா?

ஆனால் சத்தியம் சத்தியம்தான். கொடுத்த வாக்கை மாற்றினவன் என்ற பேர் செஞ்சி பஜாரில் எனக்குக் கிடையாது. தலைமேல் கை வைத்துச் சொன்னதை எப்படி அழிப்பது என்று நான் விழித்துக்கொண்டு நிற்க, அந்தம்மா கண்ணை மூடிக்கொண்டார். பிறகு ஒரு கண்ணை மட்டும் திறந்தார்.

"நீ இன்னா சொன்னே? நான் போன பொறவு கத்தி படாதுன்னுதான சொன்னே?"

"ஆமா."

"நான் போய்ட்டனா?"

"இல்ல."

"அப்ப இப்ப வெட்டு. நானே இருந்து போடறேன்."

சிஸ்டர் பதறிவிட்டார். உயிரோடு இருக்கிறவருக்குக் கருமாதியா, ஊர் என்ன சொல்லும், மதிலுக்குள் கறி கூடாது என்று ஆஸ்பத்திரியில் ஒரு விதி வேறு இருக்கிறது என்றார். "நான் இருக்கறப்ப போட்டா விருந்து. போன பொறவு அதயே கருமாதின்னு எண்ணிக்கட்டும். உங்க விதி என் வவுத்துக்கு எழுதுன விதியவிட பெருசா?" என்றார் அந்தம்மா. டீச்சரம்மா என்ன சொல்லப்போகிறாரோ என்று நாங்கள் பயந்தோம். அவர் ஜன்னல் வழியாகக் கையை நீட்டிக் கிடாவின் தலையைத் தடவினார்.

"அது அவங்க ஆடு. நான் வேண்டாம்னு சொல்வேன். ஆனா தடுக்கிற உரிமை எனக்கில்ல" என்று சொல்லிவிட்டு, கையிலிருந்த கீரையையும் அதற்கே கொடுத்துவிட்டுப் பஸ்ஸுக்குப் போனார்.

கிடாவைப் பாய்தான் அறுப்பார் என்று எல்லாரும் தாங்களாகவே முடிவு பண்ணிக்கொண்டார்கள். "அண்ணே, எங்க வூட்ல கோழி அறுத்தாவே நான் வெளிய போய் நின்னுக்குவேன். எனக்கு ஊசி குத்தத்தான் தெரியும்" என்றார் அவர். கடைசியில் பஸ் ஸ்டாண்டு பக்கம் கறிக்கடை வைத்திருப்பவரைக் கூப்பிட்டோம். ஆனால் சமையலுக்கு ஆள், அண்டா எல்லாம் பாய் ஏற்பாடு. பிரியாணி போட்டுவிடலாமா என்று அந்தம்மாவிடம் ஆசையாகக் கேட்டார்.

"பிரியாணி கிண்டினே, செத்து வந்து உன் மெத்தயில படுத்துக்குவேன். சோறு, கறிக்கொழம்பு. அவ்ளோதான்."

மதிலுக்கு வெளியே, என் யார்டில் சமைத்து, குட்டியானை வண்டியில் ஏற்றி வருவது என்றும், வண்டி தோட்டத்துக்குள் வரும்போது சிஸ்டர் வேறு பக்கம் பார்ப்பது என்றும் உடன்பாடு ஆனது. பொங்கல் கழிந்த ஞாயிற்றுக்கிழமை. தை மாதத்து வெயிலுக்குத் தோட்டம் எப்படி நின்றது தெரியுமா? உறைக்கு உறை கனகாம்பரம். நாங்கள் இல்லாமல் அது முடிந்திருக்காது. குறிப்பாக நான் இல்லாமல்.

தன் ஊருக்கு அந்தம்மா பஸ் கண்டக்டர் மூலம் சொல்லி அனுப்பியிருந்தார். வருவார்களா என்பதுதான் அந்தம்மாவின் கவலை. விடிந்ததிலிருந்து சக்கர நாற்காலியில் உட்கார்ந்துகொண்டு கேட்டையே பார்த்தார். பாதி உடம்பு புடவைக்குள் எங்கே இருக்கிறது என்று தெரியாது. "பஸ்ஸு வந்துட்ச்சா?" என்று பாயை நிமிஷத்துக்கு ஒரு தரம் கேட்டார்.

வந்தார்கள். ஒரு பஸ் நிறைய வந்தார்கள். கேட்டுக்குள் கால் வைத்ததும் பழக்கதோஷத்தில் ஒரு கிழவி மாரில் அடித்துக்கொண்டு ஒப்பாரியை ஆரம்பித்துவிட்டாள்.

"அடியே, நான் இன்னும் போவலடி! வந்து குந்து. மொதல்ல சாப்புடு, அப்பறம் அழுவு" என்றார் அந்தம்மா.

செடிகளுக்கு நடுவே வரிசையாக உட்கார வைத்து இலை போட்டோம். கரண்டியைத் தூக்க அந்தம்மாவுக்குத் தெம்பு இல்லை. நான் கரண்டியைப் பிடித்துக்கொண்டேன், என் கைமேல் அவர் கையை வைத்துக்கொண்டார். நாற்காலியைப் பாய் தள்ளினார். இப்படி ஒவ்வொரு இலைக்கும் போனோம். எனக்குப் பந்தி பரிமாறிப் பழக்கமில்லை, எனக்குத்தான் பரிமாறுவார்கள். ஆனாலும் ஒரு சொட்டு சிந்தவில்லை.

"உப்பு சரியா இருக்குதா? துண்டு வந்துதா? நல்லா தின்னு. இதான் என் கருமாதி. அப்பறம் வந்து இலய தேடாத" என்று ஒவ்வொருத்தரிடமும் சொன்னார். முதலில் தயங்கினவர்கள் இரண்டாவது தடவை குழம்பு கேட்டார்கள்.

ஒரு ஆள் என்னைப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டார். "ஐயா, உங்க புண்ணியத்துல வயிறார..."

நான் தலையை ஆட்டுவதற்குள் அந்தம்மா குரல் வந்துவிட்டது. "அவுரு புண்ணியம் இல்லடா. என் கிடா. அவுரு வெறும் வண்டி."

டீச்சரம்மாவும் வந்திருந்தார். வர மாட்டார் என்று நினைத்தோம். கடைசி வரிசை உறைகளுக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டு, இந்தப் பக்கம் திரும்பாமல் நின்றிருந்தார். அந்தம்மா நாற்காலியை அங்கே தள்ளச் சொன்னார்.

"இன்னா டீச்சர், மோர் சாதமாச்சும் சாப்புடு. உனக்குன்னு தனியா வெச்சிருக்குது."

"இல்லம்மா, இன்னிக்கு உபவாசம். தண்ணி மட்டும்தான்."

"எனக்கா, ஆட்டுக்கா?"

"ரெண்டு பேருக்கும்."

அந்தம்மா சிரித்தார். அப்புறம் டீச்சரம்மாவின் கையிலிருந்த குவளையை வாங்கி, தானே பக்கத்துக் கனகாம்பரத்துக்கு ஊற்றப் பார்த்தார். பாதி தண்ணீர் மடியில் கொட்டியது. டீச்சரம்மா குவளையைப் பிடித்துக்கொண்டார்.

அந்தம்மா மட்டும் சாப்பிடவில்லை. குழம்பில் ஒரு விரலைத் தொட்டு நாக்கில் வைத்தார். "மொளகா கம்மி" என்றார்.

பங்குனியில், தோட்டத்தில் பாதி கருகத் தொடங்கின நேரத்தில், அந்தம்மா போய்விட்டார். உடம்பை அவர் ஊருக்கே கொண்டுபோனோம். என் வண்டிதான். டீச்சரம்மாவும் பாயும் கூட வந்தார்கள். எங்கள் மூன்று பேருக்கும் ஒரே எண்ணம்தான் மனதில் ஓடியது. தையில் தின்றுவிட்டுப் போனவர்கள் இப்போது ஏதாவது சொல்வார்களோ? மரியாதைக்குப் பதினாறாம் நாள் காரியம் முடிந்ததும் நான் ஒரு கறிச்சோறு போட்டுவிடட்டுமா என்று பாயிடம் கேட்டுவைத்திருந்தேன்.

சுடுகாட்டில் எல்லாம் முடிந்து கை கால் கழுவும்போது வெளியூர்க்காரர் ஒருவர் கேட்டார்: "இந்தம்மாவுக்கு ஆருமே இல்லியே, கருமாதி யாரு பண்றது?"

அங்கே நின்றிருந்த ஊர்ப் பெரியவர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "அதெல்லாம் தையிலயே ஆயிட்ச்சு. ஊரே போய் சாப்ட்டுட்டு வந்தோம். அவளே கிடா வளத்து, அவ கையாலயே போட்டா. இந்த ஊர்ல எவன் கருமாதியில அந்த மாரி கறி கெடச்சிது?" என்றார். மற்றவர்களும் ஆமாம் ஆமாம் என்றார்கள். நல்ல இளங்கறி என்றார் ஒருத்தர். கீரை தின்று வளர்ந்த ஆடு, அதான் அந்த ருசி என்றார் இன்னொருத்தர்.

அது யார் போட்ட கீரை, எந்த உறையில் வளர்ந்த கீரை, எந்த யார்டில் கொதித்த குழம்பு, யார் வண்டியில் வந்தது என்று ஒரு வாய் கேட்கவில்லை. நானாகச் சொல்ல வாயைத் திறந்தேன். பாய் என் சட்டையைப் பிடித்து இழுத்தார். அதனால் இதை இங்கே எழுதிவைக்க வேண்டியதாயிற்று.